என் மகள் ஏன் அறையை விட்டு வெளியே வரவில்லை

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் சௌக்கியமில்லை. ஓடுகிற பஸ்ஸில் நின்றே காலம் தள்ளிய ஒரு கண்டக்டருக்கு அது உத்தியோகம் கொடுத்த சன்மானம் என்பதால் அதைப் பற்றி மேற்கொண்டு பேச்சில்லை. தாங்களும், தங்கள் துணைவியாரும், லிஃப்ட் இன்ஜினியராக இருக்கும் தங்கள் மகனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகமாக இருந்தால்தான் நான் எழுதப்போவதைத் தாங்க முடியும்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் மூவரும் என் மகளைப் பார்த்துப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். ஹாலில் உட்கார்ந்தீர்கள், டீ குடித்தீர்கள், மறுபடியும் டீ குடித்தீர்கள், என் மனைவி மூன்றாவது முறை டீ போடப் போனபோது கையெடுத்துக் கும்பிட்டீர்கள். யாரைப் பார்க்க வந்தீர்களோ அவளைச் செருப்பு மாட்டும்போது மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினீர்கள். நேற்று நம் இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்த ஒன்றுவிட்ட மைத்துனர் வந்து தங்கள் முடிவைச் சொன்னார். "பொண்ணு ஆப்சென்ட்டுன்னு ஹெட்மாஸ்டர் சொல்றாரு. இந்த மாதிரி ரூமுக்குள்ள பூட்டிக்கிட்டு உட்காருற வேலையை விட்டுட்டா மேற்கொண்டு பேசலாமாம்" என்றார். பையன் என்ன சொன்னார் என்று என் மனைவி கேட்டாள். பையன் வாயே திறக்கவில்லையாம்.

ஐயா, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மகள் வேலையை விடமாட்டாள். அவள் விடுகிறேன் என்றாலும் நான் விடமாட்டேன். ஆகவே இந்தச் சம்பந்தப் பேச்சை இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம் என்று தெரிவிக்கவே இக்கடிதம். இதை ஒரு கார்டில் எழுதிப் போட்டிருக்கலாம்தான். ஆனால் அவள் அந்த அறைக்குள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று தெரியாமலே தாங்கள் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்களே, அதுதான் எனக்கு ஆறவில்லை. தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

அவள் வேலை பார்ப்பது ஹோஸ்டிங் கம்பெனியில். கடைக்காரர், டாக்டர், பள்ளிக்கூடம் என்று ஊரில் யார் இணையத்தில் ஒரு பக்கம் வைத்துக்கொண்டாலும் அந்தப் பக்கம் எங்கேயாவது ஒரு கம்ப்யூட்டரில் குடியிருந்தாக வேண்டும் அல்லவா? அப்படிக் குடிவைத்து, கரண்டு போகாமல், சூடேறாமல், இரவு பகல் பார்த்துக்கொள்கிறவர்கள் இவர்கள். அதற்குள்ளும் என் மகள் இருப்பது காவல் பிரிவில். என் தம்பி இதைக் கேட்டுவிட்டு, "ஓ, வாட்ச்மேன் வேலையா?" என்றான். அவனோடு நான் அப்புறம் ஒரு மாதம் பேசவில்லை. நீங்கள் அப்படிக் கேட்கவில்லை, அதற்கு நன்றி.

எதிலிருந்து காவல் என்று கேட்பீர்கள். திருடனிடமிருந்து அல்ல. இந்தத் தாக்குதலில் யாரும் எதையும் திருடுவதில்லை. எனக்கு அவள் நாலு நாள் சொல்லியும் ஏறவில்லை, கடைசியில் என் பஸ்ஸையே எடுத்துக் காட்டினாள். ஒரு பஸ் நிற்கிறது, அதில் எங்கேயும் போகும் எண்ணமே இல்லாத ஆயிரம் பேர் படிக்கட்டில் ஏறி, "இது அங்க போகுமா, இங்க போகுமா" என்று கேட்டுக்கொண்டே நிற்கிறார்கள், பதில் சொன்னால் இறங்கிப் போய்ப் பின்பக்கமாக ஏறி மறுபடியும் அதையே கேட்கிறார்கள். கண்டக்டர் நல்லவர், எல்லோருக்கும் பதில் சொல்கிறார். கையில் பையோடு நிஜமாகவே ஊருக்குப் போக வந்த அம்மாள் ஸ்டாப்பிலேயே நின்றுவிடுகிறாள். பஸ்ஸுக்கு ஒரு கீறல் இல்லை, ஆனால் ட்ரிப் போச்சு. இதுதான் தாக்குதல். இந்த ஆயிரம் பேரும் மனிதர்கள்கூட இல்லையாம். யார் வீட்டு வாசலிலோ மாட்டிய கேமரா, யார் வீட்டு டிவியோ, பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால் எவனோ அவற்றைப் பிடித்துவைத்து ஏவிவிடுகிறான். வீட்டுக்காரர் அதே டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருப்பாராம், அது பின்பக்கமாக அடியாள் வேலை பார்த்துக்கொண்டிருக்குமாம். இதைக் கேட்டதிலிருந்து நான் படுக்கப்போகும் முன் எங்கள் டிவியின் ப்ளக்கைப் பிடுங்கிவிடுகிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் நடந்ததைச் சொல்கிறேன். அன்று அவள் வீட்டிலிருந்துதான் வேலை பார்த்தாள். நான் ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்க வேண்டாம். என் சாய்வு நாற்காலி அவள் அறைக் கதவை ஒட்டிப் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவர்கள் கம்பெனியில் குடை செய்து விற்கும் ஒருவர் பக்கம் வைத்திருக்கிறார். அவரும் மனைவியும் வீட்டிலேயே கம்பி வளைத்து, துணி தைத்து, இணையத்தில் விற்கிறவர்கள். கம்பெனியில் இருக்கிற கட்டணத் திட்டங்களிலேயே ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர். அவருக்கு எவனோ பணம் கேட்டு மிரட்டிக் கடிதம் அனுப்பியிருக்கிறான், இவர் போடா என்று சொல்லிவிட்டார், உடனே அடி விழ ஆரம்பித்துவிட்டது. அவர் பக்கம் குடியிருக்கும் அதே கம்ப்யூட்டரில் இன்னும் நூறு பேர் குடியிருக்கிறார்கள், அவர்கள் பக்கமும் தள்ளாட ஆரம்பித்தது. இப்படி நேரத்தில் இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டாம்: அடிபடுகிறவருடைய முகவரியையே இணையத்திலிருந்து அணைத்துவிடுவது. அவருக்கு வருகிற அத்தனையும், நல்லதும் கெட்டதும், ஒரு பள்ளத்தில் போய் விழும். மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். மேலதிகாரி அதைத்தான் செய்யச் சொன்னார். அவர் கெட்டவர் அல்ல, நூறு பேருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்.

என் மகள் குரலை உயர்த்தவே இல்லை ஐயா. "சார், அவரை விழவைக்கத்தான் அடிக்கிறாங்க. அவங்க கையால விழாத அவரை நாம நம்ம கையால தள்ளிவிட்டா, அவங்க வேலையை நாம முடிச்சுக் கொடுத்த மாதிரி ஆயிடும். எனக்குக் கொஞ்ச நேரம் கொடுங்க" என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. கைதட்ட முடியாது, தட்டினால் கேட்டுவிடும்.

கொஞ்ச நேரம் கிடைத்தது. அதற்குள் அவள் குடைக்காரர் பக்கத்துக்கு வருகிற கூட்டம் மொத்தத்தையும் வேறு பாதைக்குத் திருப்பி, கம்பெனியின் பெரிய வடிகட்டிக்குள் விட்டாள். சாதாரண நாளில் அந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வருவார்கள், எந்த ஊரிலிருந்து வருவார்கள், வந்தால் என்ன பார்ப்பார்கள் என்று முன்பே கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்குப் பொருந்தாதவர்களை அது ஒதுக்கும். ஒரே முகவரியிலிருந்து ஓயாமல் தட்டினால் நில் என்று சொல்லும். சந்தேகம் வந்தால் நாலு படத்தைக் காட்டிக் கேள்வி கேட்கும். அதற்கும் அடங்காவிட்டால் பூட்டிவிடும். குடைப் படங்களை நகல் எடுத்துப் பல ஊர்க் கம்ப்யூட்டர்களில் பரப்பியும் வைத்தார்கள், ஓரிடத்தில் தள்ளினாலும் இன்னோரிடத்தில் நிற்கும்படி. சாயங்காலம் அவன் ஓய்ந்தான். ஓயும்போது, "மறுபடி வருவோம்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போனான். என் மகள் குடைக்காரரைக் கூப்பிட்டு, "வந்தா நான் இருக்கேன் சார், நீங்க தைங்க" என்றாள். நீங்க தைங்க என்றாள் ஐயா. என் முப்பது வருஷ சர்வீஸில் எந்தப் பயணியிடமும் நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. உள்ளே போ, உள்ளே போ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிப்பட்ட பெண்ணைப் பார்க்க நீங்கள் வருகிறீர்கள் என்றதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மற்ற பெண் வீட்டார் என்றால் பெண் பாடுவாள், சமைப்பாள் என்று எதையாவது காட்டலாம். என் மகள் வேலையில் சாதித்தது என்னவென்றால், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டது. நடக்காததை எப்படிக் காட்டுவது? மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். குடைக்காரர் பக்கத்தை எல்லோரும் ஒரே சமயத்தில் திறக்க வேண்டும். அது மலை மாதிரி நிற்க வேண்டும். அதைத் தாங்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். "பெருமையடிக்கிறதுக்கும் ஒரு அளவு வேணாமா?" என்றாள் என் மனைவி. பெருமையை அளந்து அடிக்க நான் என்ன பால்காரனா?

என் போனில் இருக்கும் ஓய்வுபெற்ற ஓட்டுநர் நடத்துநர் சங்கக் குழு, எங்கள் குடியிருப்புக் குழு, மனைவியின் தையல் வகுப்புக் குழு, உறவினர் குழுக்கள் எல்லாவற்றிலும் செய்தி போட்டேன். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு நான் சைகை கொடுத்ததும் இந்தப் பக்கத்தைத் திறக்கவும், விடாமல் திரும்பத் திரும்பத் திறக்கவும், நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம் என்று. மகளிடம் சொல்லவில்லை. சொன்னால் கூச்சப்படுவாள், தன்னைப் பற்றிப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது. சங்கத்தில் எல்லோரும் தலைக்குக் குளித்துக் காத்திருந்தார்கள். ஓய்வு பெற்றபின் எங்களுக்கு யாரும் வேலை கொடுப்பதில்லை அல்லவா.

ஞாயிறன்று நடந்தது தங்களுக்கே தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தாங்கள் வந்து உட்கார்ந்தபோது என் மகள் புது உடை உடுத்தி, ஒரு காதில் தோடு போட்டு, இன்னொரு காதுக்குத் தோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். மணி நான்கு ஆனது. நான் அலமாரியிலிருந்து என் பழைய விசிலை எடுத்துப் பால்கனிக்குப் போய், போனை வாயருகே பிடித்து இரட்டை விசில் அடித்துப் பதிவுசெய்து குழுக்களுக்கு அனுப்பினேன். இரட்டை விசில் என்றால் வண்டியை எடு என்று அர்த்தம். சங்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பால்கனியிலிருந்து திரும்பி வருகிறேன், என்ன தற்செயலோ, அதே நேரம் பார்த்து என் மகளின் போன் அலற ஆரம்பித்தது. அவள் திரையைப் பார்த்தாள், முகம் மாறிவிட்டது. "அப்பா, அவங்க வந்துட்டாங்க. குடைக்காரர் மேல மறுபடியும் விழுந்துட்டாங்க. அஞ்சு நிமிஷம்னு சொல்லுங்க" என்றாள். ஒற்றைத் தோட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்கு அந்தப் பாவிகள் மீது வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. வருஷத்தில் இத்தனை நாள் இருக்க, என் பெண்ணைப் பார்க்க வந்த நாளா கிடைத்தது? நல்ல வேளை, நம் ஆட்களும் இந்த நேரத்தில் பக்கத்தைத் திறந்து குடைக்காரருக்குத் துணையாக நிற்கிறார்களே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். விடாதீர்கள், வேகமாகத் திறங்கள் என்று இன்னொரு இரட்டை விசிலும் அனுப்பினேன்.

தங்களையும் சும்மா உட்கார வைக்காமல், எங்கள் வீட்டு வைஃபை கொடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொன்னேன். தாங்களும் துணைவியாரும் ஆர்வமாகத் திறந்தீர்கள். தங்கள் மகன் மட்டும், "பரவாயில்ல சார், என் போன்லயே நெட் இருக்கு" என்றார். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் அந்தப் படக் கேள்வி வந்தது. பஸ் உள்ள படங்களைத் தொடவும் என்றிருந்தது. ஒன்பது படம். எனக்கா தெரியாது? தொட்டேன். தவறு என்றது. மறுபடி தொட்டேன். மறுபடி தவறு. மூலையில் நின்ற ஒரு வண்டியை அது பஸ் என்கிறது ஐயா, நான் சத்தியம் செய்வேன், அது கல்யாணப் பார்ட்டிகளை ஏற்றும் வேன். வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸிலேயே இருந்தவனைப் பார்த்து உனக்குப் பஸ் எது என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. தாங்களோ, கேள்வியே இலக்கணப்படி சரியாக இல்லை என்று பதில் சொல்ல மறுத்துவிட்டு, திரும்பத் திரும்பப் பக்கத்தை மட்டும் திறந்துகொண்டிருந்தீர்கள். துணைவியார் எல்லாப் படத்தையும் தொட்டுவிட்டார்கள், எதையும் விட மனசில்லாமல். கடைசியில் நம் மூவருக்கும் வெள்ளைத் திரைதான் மிஞ்சியது. தங்கள் மகன் மட்டும் ஒரு மூலையில் தலை நிமிராமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து, "சார், உங்க வீட்டு டோர் நம்பர் என்ன?" என்று கேட்டார். வீட்டுக்குள்ளே உட்கார்ந்துகொண்டு வீட்டு எண்ணைக் கேட்கிறாரே என்று எனக்கு வியப்பாக இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, ஆனால் மனத்தில் குறித்துக்கொண்டேன்.

ஐந்து நிமிஷம் அரை மணியாயிற்று, ஒரு மணியாயிற்று. அறைக்குள் கீபோர்டுச் சத்தம் மட்டும் கேட்டது. என் மனைவி கதவைத் தட்டி, "அவங்க கிளம்பிடுவாங்க போலருக்கும்மா" என்றாள். உள்ளேயிருந்து, "நான் இப்ப எழுந்தா அவர் விழுந்துடுவாரும்மா" என்று பதில் வந்தது. அதைத் தாங்களும் கேட்டீர்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள், எழுந்தீர்கள். இனி யாருக்குக் காட்டுவது என்று நான் மனம் தளர்ந்து, பால்கனிக்குச் சென்று ஒற்றை விசில் அடித்து அனுப்பினேன். வண்டியை நிறுத்து என்று. தாங்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அறைக் கதவு திறந்தது. கழுத்தில் ஹெட்போன், ஒரு காதில் தோடு, முகமெல்லாம் வேர்வை. "நின்னுடுச்சுப்பா. திடீர்னு மொத்தமா நின்னுடுச்சு" என்றாள். தங்களிடம், "மன்னிச்சுக்கோங்க, விட்டுட்டு வர முடியல" என்றாள். தாங்கள், "பரவாயில்லம்மா" என்றீர்கள். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்குச் சொல்கிற அந்தப் பரவாயில்லை எனக்குத் தெரியும்.

ஐயா, ஒரு தகப்பனாக எனக்கு அன்று வருத்தம்தான். ஆனால் வருத்தத்தைவிடப் பெருமை ஒரு முழம் கூடவே இருந்தது. ஒரு குடைக்காரரையும் அவர் மனைவியையும் என் மகள் முன்னே பின்னே பார்த்ததில்லை. அவர்கள் அவளுக்கு மாமனும் அல்ல, மச்சானும் அல்ல. ஆனாலும் தன் வாழ்க்கை ஹாலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் கொடுத்த வார்த்தைக்காக உள்ளே உட்கார்ந்திருந்தாள். அந்த அறையிலிருந்து அவள் எழுந்து வந்து சிரித்துப் பேசியிருந்தால் தங்களுக்கு ஒரு மருமகள் கிடைத்திருப்பாள், எனக்கு ஒரு மகள் கொஞ்சம் குறைந்திருப்பாள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். வேலையை விடச் சொல்லும் வீட்டில் அவளைக் கொடுப்பதைவிட அவள் இங்கேயே, என் நாற்காலிக்குப் பக்கத்து அறையிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று உறுதியாகவும் மரியாதையாகவும் தெரிவித்துக்கொள்கிறேன். இதில் இனி மாற்றமில்லை.

தங்கள் துணைவியாருக்கு என் மனைவியின் அன்பைச் சொல்லவும். தங்கள் மகனுக்கு நல்ல இடத்தில் நல்லபடியாக அமைய மனதார வாழ்த்துகிறேன். அவர் பராமரிக்கும் லிஃப்ட் எதுவும் பாதி வழியில் நிற்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பெருமையில் சிறிதும் குறையாத பெண்ணின் தகப்பன்,
நடத்துநர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன், தொழில் சம்பந்தமாக எதையாவது தப்பாக எழுதியிருக்கிறேனா என்று பார்க்க இதை மகளிடம் கொடுத்தேன். குடைக்காரர் பகுதிவரை ஒன்றும் சொல்லவில்லை, கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டாள். விசில் வருகிற இடத்தில் நின்றுவிட்டாள். "அப்பா, எத்தனை பேருக்கு அனுப்பினீங்க?" என்றாள். சங்கத்தில் மட்டும் நானூற்றுச் சொச்சம், மற்றவர்களைச் சேர்த்தால் எண்ணவில்லை என்றேன். தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் என் மனைவி தண்ணீர் கொண்டுவந்தாள்.

விஷயம் என்னவென்றால் ஐயா, ஞாயிறன்று அந்தப் பாவிகள் வரவே இல்லையாம். வந்தது நாங்கள்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் வந்தால் அதிகம் என்றிருக்கும் குடைக்காரர் பக்கத்தில் நானூறு நடத்துநர்களும் ஓட்டுநர்களும் ஒரே விசிலில் விழுந்து, விடாமல் திறந்து திறந்து மூடியதும், சொல்லிவைத்தாற்போல் ஒரே நொடியில் நிறுத்தியதும்தான் அந்தத் தாக்குதல். இது என்ன படை என்று அவர்கள் ஆபீஸில் நாலு நாளாக யாருக்கும் புரியவில்லையாம். கேமரா இல்லை, டிவி இல்லை, எல்லாம் நிஜ விரல்கள், அதுவும் நிதானமான விரல்கள். என் மகளே அறிக்கை எழுதியிருக்கிறாள்; கேட்டு வாங்கிப் படித்தேன். "தாக்கியவர்கள் கட்டுப்பாடு மிக்கவர்கள், ஒரே தலைமையின் கட்டளைக்குக் கீழ்ப்படிபவர்கள், நெடுநாள் பயிற்சி பெற்றவர்கள்" என்று இருக்கிறது. எங்கள் சங்கத்தைப் பற்றி எந்த நிர்வாகமும் இதுவரை அப்படி எழுதியதில்லை. அந்த அறிக்கையை நகலெடுத்துச் சங்கக் கட்டடத்தில் மாட்டலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள்.

அன்று அவள் முதலாவதாகப் பூட்டிய இணைய முகவரி எங்கள் வீட்டு வைஃபையுடையது. அது நம் வீட்டுடையதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லையாம். வெள்ளைத் திரை ஏன் வந்தது என்று இப்போதுதான் புரிகிறது. அப்பன் என்று பார்க்காமல் பூட்டியிருக்கிறாள் பாருங்கள், அதைவிட ஒரு காவல் உண்டா? தாங்களும் எங்கள் வைஃபையில் இருந்ததால், சட்டப்படி பார்த்தால், தாங்களும் துணைவியாரும் தாக்கியவர்களில் அடக்கம். வெளியே சொல்ல மாட்டோம். நடந்ததை அவள் உடனே மேலதிகாரியைக் கூப்பிட்டு மறைக்காமல் சொல்லிவிட்டாள். அவர் நானூறு பேரா என்று இரண்டு தடவை சரிபார்த்துக்கொண்டாராம். அப்புறம், புது வடிகட்டியைச் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது, சங்கத்தாரை ஒரு நாள் கூப்பிட முடியுமா என்று கேட்டாராம். குடைக்காரருக்கு நான் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர், பக்கம் ஒரு நொடிகூட விழவில்லை, அந்தக் களேபரத்துக்குள் ஒரு ஆர்டர்கூட வந்தது, நாலு வாரத்தில் அதுதான் முதல் ஆர்டர் என்றார்.

இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் மணி அடித்தது. ஒரு நீளப் பார்சல். எங்கள் டோர் நம்பர். அனுப்பியவர் பெயரைப் பார்த்தால் தங்கள் மகன். நாமெல்லாம் பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவர் ஒருவர்தான் நில் என்ற இடத்தில் நின்று, வேனையும் பஸ் என்று ஒத்துக்கொண்டு, கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி உள்ளே போய், அந்தப் பக்கம் எதற்காக இருக்கிறதோ அதைச் செய்திருக்கிறார். உள்ளே ஒரு நீலக் குடை. கைப்பிடியில் ஒரு சீட்டு, அன்று ஆர்டரோடு அவர் எழுதிவைக்கச் சொன்னது. "லிஃப்ட்ல ஆள் மாட்டிக்கிட்டா நானும் இப்படித்தான் சாப்பாட்டுல இருந்து எழுந்து ஓடுவேன். வேலை முடிஞ்சதும் வாங்க, அவசரமில்ல" என்று எழுதியிருந்தது.

என் மகள் அந்தக் குடையை வீட்டுக்குள்ளேயே விரித்து, மடக்கி, மறுபடி விரித்தாள். பிறகு, "வேலையை விடமாட்டேன்னு அவங்க அப்பாகிட்ட முதல்ல சொல்லிடுங்க. அதுக்கப்புறம், இவர்கிட்ட நான் பேசணும்னும் சொல்லுங்க" என்றாள்.

ஆகவே ஐயா, சம்பந்தம் வேண்டாம் என்று மேலே நான் எழுதியது முழுவதையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். வேறு கடிதம் எழுதலாம்தான், ஆனால் மகளைப் பற்றி எழுதியதைக் கிழிக்க எனக்குக் கை வரவில்லை. அதை மட்டும் படித்துக்கொள்ளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு மூவரும் அவசியம் வரவும். என் விசிலை மகள் வாங்கித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள்.